கையில் 12 லட்சம்: பழைய ஃப்ளாட்டா, ஓட்டு வீடா, அப்பா வீட்டு மொட்டை மாடியா?

வாடகை வருமானத்துக்காக முதல் தடவை வீட்டில் பணம் போடுகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் இருக்கும். இருபது வருஷப் பழைய ஃப்ளாட்டை வீட்டுக் கடனில் வாங்கலாம். டவுனுக்குள் இரண்டு சென்டில் நிற்கும் ஓட்டு வீட்டை வாங்கி இரண்டு போர்ஷனாகப் பிரிக்கலாம். அப்பா வீட்டு மாடியில் சின்னதாக ஒரு வீடு எழுப்பலாம். மதுரை, திருச்சி மாதிரி ஊரில், 12 லட்சம் கைக்காசும் மாதச் சம்பளமும் உள்ள ஒருவருக்காக மூன்றையும் இங்கே கணக்குப் போட்டிருக்கிறோம். விலையும் வாடகையும் உதாரணத்துக்குத்தான், உங்கள் தெரு நிலவரத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழியிலும் வாடகையை வருஷத்துக்குப் பதினோரு மாதமாக மட்டும் எண்ணுங்கள். ஆள் காலி செய்து, வெள்ளையடித்து, அடுத்த ஆள் வருவதற்குள் ஒரு மாதம் எப்படியும் போய்விடும்.

கணக்குக்கு முன்னால் ஒரு விஷயம். குடியிருப்பவர் வாடகை கொடுப்பது தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் காற்றோட்டத்துக்கும்தான். உங்கள் மனை சென்ட் என்ன விலை என்பது அவருக்குத் தேவையில்லாத சங்கதி. நிலத்தில் போட்ட பணம் விலை ஏறும்போது திரும்பி வரலாம், வாடகையாக வராது. மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது இந்த வித்தியாசம்தான்.

ஃப்ளாட்: வாங்குவது சுலபம், மாதாமாதம் கையைக் கடிக்கும்

650 சதுர அடி, விலை 30 லட்சம், வாடகை 9,000. பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 2.7 லட்சம். விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மேல்தான் இது கணக்காகும். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. வரம்பு அது என்பதால் நமக்கு அவ்வளவும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு 30ஐ 27 என்று எழுதினால் கடன் 27இலிருந்துதான் ஆரம்பிக்கும். பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் கேட்கும் ஆளிடம் வாங்கினாலும் இதே கதை. விலை 10 லட்சத்தைத் தாண்டிய வீட்டுக்குப் பத்திரச் செலவை மதிப்போடு சேர்க்கவும் முடியாது, அது முழுக்கக் கைக்காசு.

80 சதவீதம், 24 லட்சம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை 20,828. கையிலிருந்து போவது 6 லட்சம் முன்பணம், 2.7 பத்திரம், சட்டக் கருத்துக்கும் வங்கிக் கட்டணத்துக்கும் 30,000, மராமத்துக்கு 1.5 லட்சம், ஆக 10.5 லட்சம். பிறகு மாதாமாதம் தவணையோடு 1,200 பராமரிப்புக் கட்டணம். வாடகையைக் கழித்துவிட்டால் சம்பளத்திலிருந்து சுமார் 13,800 போய்க்கொண்டே இருக்கும். மொத்தச் செலவு 34.5 லட்சத்துக்கு நிகர வாடகை வருஷத்துக்கு 82,000ஐத் தொடாது. 2.4 சதவீதத்துக்கும் குறைவு.

“வரியில் மிச்சமாகுமே” என்று விற்பவர் சொல்லுவார். பழைய வரி முறையில் வாடகை வீட்டு நஷ்டத்தை வருஷத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தோடு கழிக்கலாம். புதிய முறையில் வட்டியை வாடகை வருமானத்தோடு மட்டும் கழிக்க முடியும், மிஞ்சுவது சம்பளத்தைத் தொடாது. மேலே சொன்ன கடனுக்கு முதல் வருஷ வட்டி மட்டும் 2 லட்சத்தைத் தாண்டும். வீட்டுவரியும் 30 சதவீதக் கழிவும் போக வரிக்கணக்கில் நிற்கும் வாடகை 67,000 சொச்சம். புதிய முறையில் இருப்பவருக்கு மிச்ச வட்டி சும்மா போகிறது.

ஃப்ளாட்டில் முதலில் பார்க்க வேண்டியது டைல்ஸ் இல்லை, பத்திரத்தில் எழுதியிருக்கும் பிரிபடாத பங்கு, அதாவது மனையில் உங்களுக்குச் சேரும் பாகம். அது 250 சதுர அடி, அங்கே மனை சதுர அடி 3,000 என்றால் நிலம் 7.5 லட்சம்தான். மீதி 22.5 லட்சத்தை ஆண்டுக்காண்டு தேயும் கான்கிரீட்டுக்குக் கொடுக்கிறீர்கள். கட்டடத்தின் வயதும் கடன் ஆண்டும் சேர்ந்து நீண்டுகொண்டே போனால் வங்கி தவணைக் காலத்தைக் குறைக்கும், தவணை ஏறும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை வங்கியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீடு: ஆசை காட்டும், முதல் வீடாக வேண்டாம்

கணக்கில் இது ஃப்ளாட்டைவிட நன்றாகத்தான் தெரியும். இரண்டு சென்ட் 28 லட்சம், பத்திரம் 2.5, மராமத்து 5, மொத்தம் 35.5 லட்சம். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து 12,500 வாடகை வந்தால் செலவுக்கு முன் 3.9 சதவீதம். நிலமும் முழுசாக உங்களுடையது.

இடிப்பது கடன்தான். கான்கிரீட் கூரை இல்லாத, அனுமதி வரைபடம் கைவசம் இல்லாத வீட்டுக்குப் பல வங்கிகள் வீட்டுக் கடன் தருவதில்லை. தந்தாலும் கட்டடத்தை மதிப்பில் சேர்க்காமல் நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுநிதி நிறுவனத்துக்குப் போனால் வட்டி ஏறும். 24 லட்சம் மதிப்பில் 70 சதவீதம், 16.8 லட்சம், 11.5 சதவீதம், 15 வருஷம் என்றால் தவணை 19,600ஐத் தாண்டும். அதற்கு மேலும் 18.7 லட்சம் கையிலிருந்து வேண்டும். 12 லட்சக்காரருக்கு இங்கேயே கதவு சாத்திவிடுகிறது. மீதியை வெளிவட்டிக்கு வாங்கி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பணம் இருக்கிறவர் வாங்குவதற்கு முன் ஒரு நூல்மட்டம் எடுத்துக்கொண்டு போய்த் தெருவின் மட்டத்தையும் வீட்டுத் தரை மட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போயிருக்கும், வீடு பள்ளத்தில் நிற்கும். ஜாக்கி வைத்துத் தூக்குகிற செலவு மேலே போட்ட 5 லட்சத்துக்குள் அடங்காது.

அடுத்தது ஓதம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது, தரையிலிருந்து ஈரம் மூன்றடி வரை ஏறும். இதை மறைக்கச் சிமென்ட் பூசி, பட்டி வைத்து, நீர்ப்புகா பெயின்ட் அடிப்பார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, பெயின்டுக்கு மேல் உப்பாகப் பூக்கும், ஆறு மாதத்தில் பூச்சு பொத்தென்று விழும். ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைக் கொத்தி, சில வாரம் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும். பிரிப்புச் சுவரை ஓடு வரைக்கும் ஏற்றாமல் எட்டடியில் நிறுத்துவது அடுத்த தவறு. பக்கத்துப் போர்ஷனில் தும்மினால் இங்கே கேட்கும், அந்த மாதிரி வீட்டில் குடும்பம் தங்காது.

போர்ஷன் ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிச் சமையலறை வைத்துத் தனி மின் இணைப்பு கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இணைப்பு வாரியாகத்தான் கிடைக்கும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் கூடக் கூட விலை ஏறும் அந்தப் படிக்கட்டில் வேகமாக மேலே போய்விடும். பொது மோட்டாரை யார் மீட்டரில் போடுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். போர்ஷன் வீட்டுச் சண்டைகளில் பாதி இந்த மோட்டாரில்தான் ஆரம்பிக்கும்.

மொட்டை மாடி: கணக்கு ஜெயிக்கிறது, பத்திரம் இடிக்கிறது

450 சதுர அடியில் ஒரு படுக்கையறை வீடு. சதுர அடிக்கு 2,400 என்றால் 10.8 லட்சம். வெளிப் படிக்கட்டு 90,000, தொட்டி மோட்டாருக்கு 40,000, மின் இணைப்புக்கு 30,000, வரைபடத்துக்கும் பொறியாளருக்கும் 40,000. மொத்தம் 12.8 லட்சம். வாடகை 6,500. வரியும் சில்லறை ரிப்பேரும் போக 66,500 நிற்கும், 5.2 சதவீதம். நிலத்துக்கும் 9 சதவீதப் பத்திரத்துக்கும் ஒரு பைசா போகவில்லை என்பதுதான் ரகசியம். இதுவும் வங்கி வைப்புநிதிக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் வாடகை ஏறும், வைப்புநிதி வட்டி நம் பேச்சைக் கேட்டு ஏறாது.

கைக்காசு அத்தனையையும் இதில் கொட்ட வேண்டாம். 5 லட்சத்தை வீட்டுக் கடனாக 10 வருஷத்துக்கு எடுத்தால் தவணை 6,199, அதில் பெரும்பகுதியை வாடகையே அடைத்துவிடும். 4.2 லட்சம் கையில் நிற்கும். மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, அதனால் போனஸ் வரும்போது அசலில் கட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் உரிமையில். வீடு அப்பா பேரில் இருந்தால் கடனில் அவரும் சேர வேண்டும். அதைவிடப் பெரியது, நீங்கள் 12.8 லட்சம் போட்டு எழுப்பிய மாடி சட்டப்படி அந்தச் சொத்தோடு சேர்ந்துவிடுகிறது. உயில் இல்லாமல் அப்பா காலமானால் அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள் என்று எல்லோருக்கும் பங்கு. “மாடி தம்பி கட்டினது” என்று இன்று சொல்லும் அக்கா நாளைக்கும் சொல்லலாம், மாப்பிள்ளை சொல்வாரா என்பது தெரியாது. செங்கல் இறங்குவதற்கு முன்பே மாடி உரிமையை அப்பா உங்கள் பேருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்வது நல்லது. நெருங்கிய குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குக் கிரயப் பத்திரம் மாதிரி 9 சதவீதம் கிடையாது, உச்சவரம்போடு சலுகைக் கட்டணம்தான். கூடப்பிறந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஒளித்துச் செய்த பத்திரம்தான் கோர்ட்டுக்குப் போகும்.

அனுமதி வாங்காமல் கட்டிய மாடிக்கு வங்கி கடன் தராது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுகிறவர்களுக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. உங்கள் வேலை அதில் அடங்குமா, கீழ்வீட்டுக்குப் பழைய அனுமதி இருக்கிறதா என்று வரைபடம் போடுகிற பொறியாளரிடம் முதலிலேயே கேளுங்கள்.

கீழ்க்கட்டடம் தாங்குமா என்பதைக் கொத்தனார் சொல்லக் கூடாது. அஸ்திவார ஓரம் ஒரு மூலையில் குழி தோண்டி, அடி அகலத்தையும் ஆழத்தையும் கட்டுமானப் பொறியாளர் கண்ணால் பார்க்க வேண்டும். பில்லர் வீடு என்றால் மாடியில் நீட்டிவிட்ட கம்பிகள் பத்து வருஷம் மழையில் நனைந்து மெலிந்திருக்கும். அதோடு புதுக் கம்பியைக் கட்டி ஓட்டிவிடாமல், துளை போட்டு ரசாயன ஆங்கரில் புதுக் கம்பி நடச் சொல்லுங்கள். சுமைதாங்கும் சுவர் வீடு என்றால் மேல் சுவர் கீழ்ச் சுவரின் தலையிலேயே வர வேண்டும். வெறும் தளத்தின் நடுவில் சுவர் வைத்தால் கீழ்வீட்டுக் கூரையில் நீளமாக விரிசல் ஓடும்.

மாடியின் பழைய சுருக்கியையும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட அடுக்கு) தட்டோட்டையும் பெயர்க்காமல் அதன்மேலேயே தரை போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற தவறு. மூன்று அங்குலச் சுண்ணாம்புச் சுருக்கி சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 13 கிலோ, 450 சதுர அடிக்கு ஆறு டன்னை நெருங்கும். பெயர்த்தெடுத்தால் அவ்வளவு பாரம் மிச்சம். சுவருக்குச் செங்கலை விட்டு ஏஏசி பிளாக் வைத்தால் அங்கேயும் எடை பாதிக்குக் கீழே இறங்கும்.

எங்கள் கணிப்பு இதுதான்: கூடப்பிறந்தவர்களோடு பேசி முடிக்க முடிகிறவர் மாடிக்குப் போகலாம். அப்பா வீடு இல்லாதவர் ஃப்ளாட்டைவிட, பேருந்து போகும் புறநகரில் அனுமதியோடு கட்டிய சின்னத் தனிவீட்டைத் தேடுவது நல்லது. அது 20 லட்சத்துக்குள் அமையாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் சேர்த்துவிட்டுப் பார்க்கலாம். பெண் பேரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, ஆனால் 10 லட்சத்துக்குள் உள்ள சொத்துக்கு மட்டும்.

மராமத்துக்குப் பணம்: ஒத்தியை வட்டியாக மாற்றிப் பாருங்கள்

மதுரைப் பக்கம் ஒத்தி, சென்னையில் லீஸ், வேறு ஊர்களில் போக்கியம். பெயர் எதுவானாலும் ஏற்பாடு ஒன்று: மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைப்பது, காலம் முடிந்ததும் தொகையைத் திருப்புவது. வட்டியில்லாக் கடன் மாதிரி தெரியும். விட்டுக்கொடுக்கிற வாடகைதான் வட்டி.

5,000 வாடகை போகும் வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டால் வருஷத்துக்கு 60,000 விடுகிறீர்கள், அது 12 சதவீத வட்டி. அதே வீட்டுக்கு 7 லட்சம் கிடைத்தால் 8.6 சதவீதம். ஒரே வரியில் சொன்னால், ஒத்தித் தொகை மாத வாடகையைப்போல் 141 மடங்கு கிடைத்தால்தான் 8.5 சதவீத வீட்டுக் கடனுக்குச் சமம். 13 சதவீதத் தனிநபர் கடனோடு ஒப்பிட்டால் 92 மடங்கே போதும். அதனால் வீட்டுக் கடனோ, இருக்கிற வீட்டுக் கடன்மேல் கூடுதலாகத் தரும் டாப்-அப்போ கிடைக்கிறவருக்கு ஒத்தி நஷ்டம், கிடைக்காதவருக்குத் தனிநபர் கடனைவிட ஒத்தி லாபமாக இருக்கலாம்.

லாபமாக இருந்தாலும் இரண்டு ஆபத்து. பழைய ஒத்திக்காரரின் பணத்தைப் புது ஒத்திக்காரர் பணத்தில் திருப்புவதுதான் வழக்கம். நடுவில் ஆள் கிடைக்காவிட்டால் பணம் வரும்வரை அவர் காலி செய்ய மாட்டார், செய்ய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. இன்னொன்று, வங்கியில் அடமானம் இருக்கும் வீட்டை வங்கியின் சம்மதமில்லாமல் ஒத்திக்கு விடுவது கடன் ஒப்பந்தத்தை மீறுவது.

3 லட்சம் மராமத்துக்கு 9 சதவீத டாப்-அப் கடன் 10 வருஷம் என்றால் தவணை 3,800, 13 சதவீதத் தனிநபர் கடன் 5 வருஷம் என்றால் 6,826. நகைக் கடன் மூன்று நான்கு மாதத்துக்குள் அடைக்க வழி இருப்பவருக்கு நல்லது. வாடகையில் அடைத்துவிடலாம் என்று வைத்தால் வட்டி கட்டிக் கட்டியே நகை பழசாகும். வாடகை அட்வான்ஸை மராமத்துக்கு எடுக்காதீர்கள். 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது, அதுவும் திருப்பித் தர வேண்டிய பணம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவதும் அதே சட்டப்படிதான்.

எந்த வேலைக்கு வாடகை ஏறும்

பாத்ரூம், தண்ணீர், வயரிங், சமையல் மேடை. இவ்வளவுதான். ஃபால்ஸ் சீலிங்குக்கும் மாடுலர் கிச்சனுக்கும் சின்ன வீட்டில் வாடகை ஏறாது. 1.5 லட்சத்தில் பாத்ரூமையும் வயரிங்கையும் மாற்றி வாடகை 9,000லிருந்து 10,500 ஆனால் பதினோரு மாதக் கணக்கில் அந்தப் பணத்துக்கு வருஷம் 11 சதவீதம் கிடைத்த மாதிரி. மேலே பார்த்த மூன்று வழியிலும் இவ்வளவு கொடுப்பது எதுவுமில்லை.

ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூமைப் பாருங்கள். தரை 35 சதுர அடி. சுவர் ஏழடி உயரம் வரை 168, கதவைக் கழித்தால் 150. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 205 சதுர அடி டைல்ஸ் வாங்க வேண்டும். பழைய ஃப்ளாட்டில் பள்ளத் தளத்தை நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லி தண்ணீர் குடித்துச் சேறாகியிருக்கும். ஒரு அடி ஆழம் என்றால் ஒரு கன மீட்டர் குப்பை, மூட்டை மூட்டையாகக் கீழே இறக்க வேண்டும், அந்தக் கூலியை யாரும் முதல் எஸ்டிமேட்டில் போடுவதில்லை. அதை எடுக்காமல் டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டினால் கீழ்வீட்டுக்காரர் இரண்டாவது மாதமே மேலே ஏறி வருவார்.

எடுத்த பிறகு கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவை வைக்க வேண்டும். பிறகு நீர்ப்புகாப் பூச்சு இரண்டு கோட், சுவரில் ஒரு அடி ஏற்றி, ஷவர் சுவரில் ஆறடி வரை. முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் டைல்ஸ். “எதுக்கு சார் ரெண்டு நாள் வீணா?” என்று டைல்ஸ்காரர் கேட்பார், அவருக்கு அடுத்த சைட் காத்திருக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். தரை வாட்டம் ஏழடிக்கு ஒரு அங்குலம். இணைப்புக்கு வெள்ளைச் சிமென்ட் வேண்டாம், எபாக்ஸி போடுங்கள். கதவு பிவிசியாக இருக்கட்டும், ப்ளஷ் டோர் ஒரே வருஷத்தில் அடிப்பக்கம் உப்பிவிடும்.

வயரிங்கில் விளக்குக்கு 1.5, ப்ளக் பாயின்டுக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி. மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம். வாடகைக்கு இருப்பவர் ஈரக் கையோடு எந்த சுவிட்சைத் தொடுவார் என்று நமக்குத் தெரியாது.

எஸ்டிமேட்டுக்கு மேல் 20 சதவீதம் தனியாக வையுங்கள். கூலி ஒப்பந்தக்காரர் சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் கேட்பது வழக்கம்தான். ஆனால் அந்த வாரம் நடந்த வேலையை அளந்து கொடுங்கள், அடுத்த வார வேலைக்கு இந்தச் சனிக்கிழமை பணம் போனால் அடுத்த திங்கட்கிழமை ஆள் வேறு சைட்டில் இருப்பார். மாடி வேலையையும் கூரை நீர்க்காப்பையும் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஈரத் தளத்தில் அடித்த பூச்சு வெயில் வந்ததும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து, மாடியறைக் கூரை மூலைகள் காய்ந்தபடியே இருப்பதைப் பார்த்துவிட்டுக் கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.